விடுபட்ட மகள்கள்

1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஜான் மேச்சின் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். சஃபோக் பகுதிக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், வயது 14. முகம், உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடலெங்கும் தோல் கருத்துத் தடித்து, முள் முள்ளாக நின்றது. தடவினால் சலசலத்தது. பிறந்தபோது தோல் தெளிவாகவே இருந்ததாம். சில வாரங்களில் மாறத் தொடங்கியிருக்கிறது.

எட்வர்ட் லாம்பர்ட் என்ற அந்தச் சிறுவன் பின்னாளில் ‘முள்ளம்பன்றி மனிதன்’ என்று தன்னையே காட்சிக்கு வைத்துப் பிழைத்தார். 1755இல் ஹென்றி பேக்கர் அவரைப் பார்த்து எழுதினார். ஆண்டுதோறும் முட்கள் உதிர்ந்து மீண்டும் முளைத்தன. பிறந்த ஆறு பிள்ளைகளுக்கும் அதே தோல். அப்போது உயிரோடிருந்தது ஒரு மகன் மட்டுமே. பேரன்கள் ஜானும் ரிச்சர்டும் ஜெர்மனிவரை காட்சிக்குப் போனார்கள். 1802இல் டிலேசியஸ் அவர்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

தந்தை, மகன், பேரன்கள். ‘இந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு மட்டுமே வரும், எல்லா ஆண்களுக்கும் வரும்’ என்ற கதை இப்படி நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டில் ஒய் குரோமோசோம் பற்றித் தெரியவந்ததும் கதைக்கு அறிவியல் சட்டை கிடைத்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் நோய் என்று பாடநூல்கள் லாம்பர்ட் குடும்பத்தை எடுத்துக்காட்டின.

1958இல் லயனல் பென்ரோஸும் கர்ட் ஸ்டெர்னும் பழைய ஆவணங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். மகள்களுக்கும் நோய் இருந்திருக்கிறது. நோயில்லாத மகன்களும் இருந்திருக்கிறார்கள். ஆக, இது ஒய் குரோமோசோமின் வேலை அல்ல. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இது வெறும் பாடநூல் திருத்தம் அல்ல. பழைய கணக்கை நம்பியிருந்தால், இப்படியொரு குடும்பத்து மகளிடம் ‘உனக்கு வராது, உன் பிள்ளைகளுக்கும் வராது’ என்று ஒரு மருத்துவர் துணிந்து சொல்லியிருப்பார்.

தரவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். பதிவில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்று ஆகாது என்பது அங்கே பாலபாடம். ஆனாலும், இங்கே மருத்துவமனையில் குடும்ப நோய் வரலாறு கேட்டபோது அப்பா, தாத்தா, சித்தப்பா என்று அடுக்கிக்கொண்டே போனேன். “அத்தைமார் இல்லையா?” என்று தாதி கேட்டார்.

மூன்று பேர் இருக்கிறார்கள். அன்றிரவு ஊருக்குப் போன் போட்டேன்.