கடைமடையில் சாய்ந்த தென்னை

பெங்களூரில் வாழும் நமக்குப் புயல் என்பது இரண்டு நாள் மூடிய வானமும் சிறு தூறலுமேயாம். வங்கக் கடலில் எழும் காற்று இம்மேட்டு நிலத்தை எட்டுமுன் தன் வலியை இழந்துவிடுகின்றது. ஆதலின், 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் தஞ்சைத் தரணியின் தென்கோடியில் நேர்ந்த அழிவை, அவ்வூர்களில் சுற்றமுடையோர் அன்றி ஏனையோர் முழுதும் உணர்ந்தாரல்லர். மரங்கள் விழுந்தன என்று பேசி அமைந்தனர். விழுந்தது யாது என அறிய, எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அத்திட்டத்தின் ஒரு கூறாகக் கல்லணையினின்று புதிய கால்வாய் ஒன்று வெட்டப்பெற்றது. மக்கள் அதனைப் புது ஆறு என்பர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் வானம் பார்த்த மேட்டு நிலங்கள் அதனால் நெல்வயல்களாயின. எனினும், கடைமடை உழவன் பாடு என்றும் இரங்கத்தக்கதே. தலைமடையில் நீர் குறைந்தால் கடைமடையில் நீரே இல்லை. காவிரிப் பங்கீட்டு வழக்கை ஈண்டு எழுப்புதல் நம் கருத்தன்று. இம்மாநகரில் நாம் பருகுவதும் அவ்யாற்று நீரன்றோ! நீர் வரும் நாளை நம்பி நாற்று விட இயலாத உழவர், ஆழ்குழாய்க் கிணறு தோண்டித் தென்னையை நாடினர் என்பதே ஈண்டு வேண்டுவது.

பெற்ற பிள்ளை சோறு போடாவிடினும் தென்னம்பிள்ளை போடும் என்பது நம் நாட்டார் வழக்கு. அவ்வுழவர்க்கு அது வெறும் பழமொழி அன்று. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், முதுமைக்காலச் செலவு யாவும் தோப்பினின்றே வந்தன. வயலை விற்காது பிள்ளைகளை நகரங்களுக்கு அனுப்பிப் படிக்கவைத்ததும் அத்தோப்பே.

அப்புயலுக்குக் கஜா என்று பெயர். இலங்கை நாடு தந்த பெயர். யானை எனப் பொருள்படும். தோப்பில் புகுந்த யானை என்றால் தஞ்சை உழவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. நள்ளிரவு கடந்து, நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் அது கரையேறியது. எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அரசு முன்னரே முகாம்களில் சேர்த்திருந்தமையால் உயிர்ச்சேதம் ஓரளவு குறைந்தது; ஆயினும் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரை கடந்தபின் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. உள்நாட்டிலும் சீற்றம் தணியாது, புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியே சென்றது. மின்கம்பங்கள் மட்டும் ஓரிலட்சத்துக்கு மேல் சாய்ந்தன. அவற்றை நிறுத்தக் கேரளத்திலிருந்தும் தொழிலாளர் வந்து உழைத்தனர்.

புயலின் நடுக்கண் கடக்கும் ஊரில் காற்று முதலில் ஒரு திசையில் வீசும், சிறிது ஓயும், பின்னர் எதிர்த்திசையில் வீசும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. முதற்காற்றில் சல்லிவேர் தளர்ந்த மரத்தை மறுகாற்று எளிதில் வீழ்த்தும். வேர் பிழைத்துக் கொண்டை முறிந்தாலும் பயனில்லை; வேம்பைப்போல் அது மீண்டும் கிளைப்பதன்று. குருத்து ஒன்றே, அது போயின் மரமும் போயிற்று. விழுந்த மரங்களை அகற்றாதுவிட்டால், மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, எஞ்சிய மரங்களின் குருத்தையும் துளைக்கும்.

அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் எனக் கொண்டு 1,92,500 ரூபாய். இக்கணக்கில் பிழையில்லை, ஆனால் அது மரத்தை எண்ணியதேயன்றி ஆண்டுகளை எண்ணவில்லை.

1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளும் இக்கரையைக் கடும்புயல் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டது. உயிர்ச்சேதத்தில் அதுவே கொடிது. ஆனால் அன்று வயலில் மிகுதியும் நின்றது சம்பா நெல். நெல் ஒரு பருவத்துப் பயிர். பிழைத்தவன் மறு ஆண்டு மேட்டூரில் நீர் திறந்ததும் மீண்டும் நாற்று விடலாம். 2018இல் தோப்பிழந்தவன், துயரை ஒதுக்கி மறு ஆண்டே நெட்டைத் தென்னம்பிள்ளை நட்டிருப்பினும், அது முதற்பாளை விடுவதற்கு 2025 ஆகியிருக்கும்.