வாரநாள் இரவு ஆட்டங்கள்: பெங்களூரு

வேலைநாள் இரவில், தொலைக்காட்சிக்குத் தோதான மணியில் போட்டிகளை வைக்கும் வழக்கம் பெங்களூருவில் வேரூன்றியது 2008-க்குப் பிறகுதான். சின்னசாமி ஸ்டேடியத்துக்கு மின்னொளி முன்பே வந்திருந்தது. 1996 மார்ச் 9 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய உலகக்கோப்பைக் காலிறுதி அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. ஆனால் அது சனிக்கிழமை. வேலைநாள் இரவுக்கு விலை வைத்தது ஐபிஎல். 2008 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை இரவு இதே மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்தில் 158 ரன் குவித்தார். அதன்பின் ஆறு வாரம், வீடுகளில் மெகா சீரியல் ஓடும் நேரத்தில் அநேகமாக அன்றாடம் ஓர் ஆட்டம். 8 மணி என்றிருந்த தொடக்கம் 2020-இல் 7.30 ஆனது. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போன பிறகு, மணியை நிர்ணயிப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

பீன்யாவிலிருந்து பார்த்தால் இதன் விளைவு புரியும். 2014 மார்ச் 1 முதல் பீன்யா தொழிற்பேட்டைக்கு மெட்ரோ ஓடுகிறது. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் லேத் ஆபரேட்டர் மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் முதல் ஓவரைப் பிடித்துவிடலாம். திரும்புவதுதான் பாடு. வழக்கமான வண்டிகள் ஓயும் 11 மணிவாக்கில்தான் ஆட்டமும் முடிகிறது. அதனால் ஆட்ட நாட்களில் மெட்ரோ நள்ளிரவு தாண்டியும் ஓடுகிறது. கவுன்டரில் கூட்டம் முண்டாமலிருக்க, திரும்பும் பயணத்துக்கு 50 ரூபாய்க் காகிதச் சீட்டை முன்கூட்டியே விற்றதும் உண்டு. மறுநாள் காலை 6 மணி ஷிஃப்டுக்கு நிற்க வேண்டியவருக்கு இதுவும் அரைகுறை உதவியே. மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை பார்ப்பவருக்கோ மைதானமும் கிடையாது, டிவியும் கிடையாது.

கிரிக்கெட்டுக்குக் கூட்டம் எப்படியும் வரும். வழக்கத்துக்கு உண்மையான சோதனை கால்பந்து. 2014 அக்டோபரில் தொடங்கிய ஐஎஸ்எல், முதல் பருவத்திலிருந்தே பெரும்பாலும் அன்றாட இரவு நிகழ்ச்சியாக அமைக்கப்பட்டது. பெங்களூரு எஃப்சி 2017-இல் அதில் சேர்ந்தது. 2022-23 பருவத்தில் ஐஎஸ்எல் தன் லீக் ஆட்டங்களை வியாழன் முதல் ஞாயிறுக்குள் அடக்கியது. அடுத்த பருவத்திலேயே மற்ற வாரநாட்கள் எட்டிப் பார்த்தன. வாரநாளில் கூட்டம் வராது என்பது பொய், 2016 அக்டோபர் 19, புதன்கிழமை ஜோஹோர் அணியை 3-1 என வென்று பெங்களூரு ஏஎஃப்சி கோப்பை இறுதிக்குப் போன இரவை மறந்தீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. மறக்கவில்லை. அது அரையிறுதி, அப்படி ஓர் இரவுக்கு சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்கலாம். பட்டியலில் நடுவில் கிடக்கும் அணிகளின் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு யார் கேட்பார்?

அமெரிக்கக் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலும் இதே வழியில் போயிற்று. 1961-இல் அந்நாட்டுச் சட்டம் தொழில்முறை லீக்குக்கு ஒளிபரப்புச் சலுகை தந்தபோது, இலையுதிர்கால வெள்ளி இரவையும் சனிக்கிழமையையும் அதிலிருந்து விலக்கிவைத்தது. கல்லூரி மைதானங்களின் வசூல் கெடக்கூடாது என்பதே காரணம். பிற்பாடு கல்லூரிகளே அந்தப் பாதுகாப்பை விட்டு வெளியே வந்தன. மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறது. சனிக்கிழமைத் திரையில் பெரிய பல்கலைக்கழகங்களோடு போட்டி போட முடியாத சிறியவர்களுக்குக் காலி இரவுதான் கிடைக்கிறது. ஐஎஸ்எல் நிலையும் ஏறக்குறைய அதுவே.

ஒளிபரப்புப் பணம் இல்லையென்றால் சம்பளமும் புல்தரையும் ஏது, டிக்கெட் வாங்க முடியாதவருக்குத் திரைதானே மைதானம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது பாதியை இந்தியச் சட்டமும் ஏற்கிறது: தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பை பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அது காப்பது வீட்டிலிருந்து பார்ப்பவரை மட்டுமே. கேலரியில் உட்காருபவருக்காக எந்தக் கிழமையையும் அது ஒதுக்கவில்லை. அட்டவணை வெளியான பிறகு கடைசி வண்டியை நீட்டிப்பது மட்டும் நகரத்தின் பொறுப்பாகிவிடுகிறது.