ஒரு ஃபோட்டோ, ரெண்டு நட்சத்திரம், மூணு பட்டாளம்

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கமே தலைகாட்ட முடியலை. அதுக்கு வட்டியும் முதலுமா இன்னிக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்ட புடாபெஸ்ட் வரைக்கும் போயிட்டு வந்தவன் டான்யூப் நதி, பாலம், பனின்னு படம் காட்டுவான்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ஒரு சிப்பாயோட கால்சட்டையைப் பத்தின பதிவு.

அந்த ஊர்க் கோடியில எச்செரின்னு ஒரு பழைய சாமான் சந்தை இருக்கு. உடைஞ்ச கடிகாரம், யாரோ வீட்டு வெள்ளி ஸ்பூன், தாத்தாக்களோட மெடல் எல்லாம் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள நூத்துக்கணக்கான பழைய ஃபோட்டோக்கள். எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்தவை. அதிலிருந்து ஒண்ணை எடுத்தேன். இருபது வயசுப் பையன், ராணுவ உடுப்பு, ஒரு கை நாற்காலி முதுகு மேல, இன்னொரு கையில தொப்பி. மீசை இப்பத்தான் முளைச்சிருக்கு. பின்னாடி பேர் கிடையாது, தேதி கிடையாது. கழுத்துப்பட்டியில பக்கத்துக்கு ரெண்டு நட்சத்திரம்.

ரெண்டு நட்சத்திரம்னா லெப்டினென்ட்தானே? நம்ம ஊர் ராணுவத்துல அப்படித்தான். அறைக்குத் திரும்பினதும் நண்பர்களுக்கெல்லாம் "ஆஸ்திரிய-ஹங்கேரி லெப்டினென்ட் ஒருத்தரை வாங்கிட்டேன்"னு மெயில் தட்டிட்டேன். அது எவ்வளவு பெரிய அபத்தம்னு தெரிய எனக்கு மூணு மாசம் ஆச்சு.

முதல் பாடம்: அந்த ராணுவத்துல தோளைப் பார்க்கவே கூடாது. பதவி அத்தனையும் கழுத்துப்பட்டியிலதான் இருக்கு. ஆறு முனை நட்சத்திரம், ஒண்ணு ரெண்டு மூணு. இந்த ஒண்ணு-ரெண்டு-மூணு வரிசை மூணு தடவை திரும்பத் திரும்ப வருதுங்கிறதுதான் குழப்பமே. சாதா சிப்பாய்களுக்கு மேலே இருக்கிறவங்களுக்கு வெள்ளை நட்சத்திரம்: ரெண்டு இருந்தா கார்ப்பரல், ஹங்கேரி மொழியில 'திஸெதெஷ்'. அதே ரெண்டு, சரிகையில பின்னின நட்சத்திரமா இருந்தா ஆபீசர், ஓபர்லெப்டினென்ட். அதே ரெண்டு, அகலமான சரிகைப் பட்டைக்கு மேல உட்கார்ந்திருந்தா லெப்டினென்ட் கர்னல். நம்ம பையனோடது பளிச்சுனு தட்டையான வெள்ளை. ஆக, கார்ப்பரல். ஆபீசர்னு பீத்திக்கிட்டதுக்கு நண்பர்கள் என்னை இன்னும் விடலை :-)

சரி, எந்த ராணுவத்தோட கார்ப்பரல்? இங்கேதான் கதை சூடு பிடிக்குது. ஏன்னா அங்கே இருந்தது ஒரு ராணுவம் இல்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1848ல ஹங்கேரி ஹாப்ஸ்பர்க் அரசுக்கு எதிரா எழுந்தப்போ அவங்க திரட்டின பட்டாளத்துக்குப் பேர் 'ஹொன்வேத்'. தாயகத்தைக் காப்பவன்னு அர்த்தம். ரஷ்யப் படை உதவிக்கு வந்து 1849ல அந்த எழுச்சியை நசுக்கினாங்க. அந்த வருஷம் அக்டோபர் 6ம் தேதி அராத் ஊர்ல 13 தளபதிகளைக் கொன்னாங்க. அப்ப அரியணையில இருந்தவர் பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன் ஃப்ரான்ஸ் யோசெஃப். தப்பி ஓடின ஜூலா ஆன்டிராஷிங்கிற பிரபு கையில கிடைக்காததால, அவர் பேருக்கு மட்டும் தூக்குத் தண்டனையை நிறைவேத்தினாங்க.

இப்ப 1867க்கு வாங்க. பிரஷ்யாகிட்ட அடி வாங்கின ஃப்ரான்ஸ் யோசெஃபுக்கு ஹங்கேரியோட சமாதானம் தேவைப்பட்டுது. ஒப்பந்தம் ஆச்சு. ஆஸ்திரியாவுக்குப் பேரரசர், ஹங்கேரிக்கு அரசர், ரெண்டும் ஒரே ஆள். புதா நகர்ல முடிசூட்டு விழா. ஹங்கேரியோட பிரதம மந்திரி யாருன்னா, பேருக்குத் தூக்குல தொங்கின அதே ஆன்டிராஷி! அடுத்த வருஷம் ஹங்கேரிக்குன்னு தனிப்படை வந்தது. அதுக்கு வெச்ச பேரு ஹொன்வேத். யாரை எதிர்த்து அந்தப் பேர் பொறந்ததோ, அவருக்கே அந்தப் பேரால சேவகம். என்னத்தைச் சொல்ல.

ஆனா முக்கியமான பெரிய படை இது இல்லை. பொதுப்படைன்னு ஒண்ணு ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து இருந்தது. அதோட ஆஸ்திரியாவுக்குத் தனியா லாண்ட்வேர், ஹங்கேரிக்குத் தனியா ஹொன்வேத். ஆக மூணு. ஹொன்வேத் மேல வியன்னாவுக்கு எவ்வளவு நம்பிக்கைன்னா, 1912ல ஒரு சட்டம் வர்ற வரைக்கும் அதுக்குன்னு சொந்தமா பீரங்கிப்படையே கிடையாது.

இப்ப நம்ம பையன் கால்சட்டைக்கு வருவோம். காலோட ஒட்டின இறுக்கமான சட்டை. தொடை முன்பக்கம் கயிறு வளைஞ்சு வளைஞ்சு பின்னின ஒரு முடிச்சு, பார்க்க நம்ம வீட்டு வாசல் சிக்குக் கோலத்தோட பாதியை வெட்டி ஒட்டின மாதிரி. இதுக்குப் பேரு 'வித்தேஸ்கெத்தேஷ்', வீரர் முடிச்சுன்னு வெச்சுக்கலாம். இது இருந்தா ஹங்கேரி, தொளதொளன்னு நேர்க் கால்சட்டையா இருந்தா 'ஜெர்மன்' ரெஜிமென்ட். பொதுப்படையிலயும் ஹங்கேரி அரசுப் பகுதியிலிருந்து ஆள் எடுத்த ரெஜிமென்ட்களுக்கு இந்த முடிச்சு உண்டு. கை முனையில 'கரடிப் பாதம்'னு ஒரு வெள்ளைப் பின்னலும் உண்டு.

அப்போ முடிச்சு இருந்தா ஹங்கேரிக்காரனா? இல்லவே இல்லை. நான் விழுந்த ரெண்டாவது குழி இது. ஹங்கேரி அரசுப் பகுதிங்கிறது ஸ்லோவாக், ருமேனியர், செர்பியர், ஜெர்மானியர் எல்லாரும் இருந்த இடம். திரென்சேன் ஊரைச் சேர்ந்த 71வது ரெஜிமென்ட்ல பெரும்பாலும் ஸ்லோவாக்குகள். அவங்களும் இதே முடிச்சுதான் போட்டாங்க. 1918 ஜூன்ல செர்பியாவோட கிராகுயேவாட்ஸ் ஊர்ல அந்த ரெஜிமென்ட் ஆளுங்க கலகம் பண்ணினாங்க. ரஷ்யாவுல கைதியா இருந்துட்டு வந்தவங்களை மறுபடியும் போர்முனைக்கு அனுப்பப் பார்த்ததுதான் பிரச்சினையோட வேர். 44 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த 44 பேரோட ஃபோட்டோ ஏதாவது எச்செரிச் சந்தைக்கு வந்தா, வாங்குறவன் 'ஹங்கேரிச் சிப்பாய்'னுதான் ஆல்பத்துல எழுதி வெப்பான். உடுப்பு எந்த முடியரசோட மண்ணுங்கிறதை மட்டும்தான் சொல்லும். வீட்டுல அம்மாகிட்ட எந்த மொழியில பேசினான்னு சொல்லாது.

நிறத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. பொதுப்படையில 102 காலாட்படை ரெஜிமென்ட். காலர் நிறம் 28. கிளிப்பச்சை, ஆப்பிள் பச்சை, கடல் பச்சை, புல் பச்சை, எஃகுப் பச்சைன்னு பட்டுப்புடவைக் கடை தோத்துடும். சிவப்புல மட்டும் பத்து வகைக்குக் கிட்ட வரும். 102ஐ எப்படி 28க்குள்ள அடைச்சாங்க? பொறியாளர் மூளைக்குப் பிடிச்ச விஷயம் இது. நிறம் ஒண்ணு, பித்தான் மஞ்சளா வெள்ளையா ஒண்ணு, கால்சட்டை ஜெர்மனா ஹங்கேரியா ஒண்ணு. 28 பெருக்கல் 2 பெருக்கல் 2, நூத்திப் பன்னிரண்டு இடம். கச்சிதம்! வியன்னாவோட 4வது ரெஜிமென்ட்டுக்கும் புடாபெஸ்ட்டோட 32வது ரெஜிமென்ட்டுக்கும் ஒரே வான் நீலம், ஒரே மஞ்சள் பித்தான். கால்சட்டை மட்டும்தான் வேற.

ஆனா கறுப்பு வெள்ளை ஃபோட்டோவுல இதெல்லாம் வீண். போதாக்குறைக்கு அந்தக் கால ஃபிலிமுக்கு சிவப்பே தெரியாது. சிவப்பு காலர் கறுப்பா விழும், வெளிர் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாத் தெரியும். நம்ம பையன் காலர் கறுப்பா இருக்குன்னு ஒரு மாசம் கறுப்புக் காலர் ரெஜிமென்ட்டாத் தேடினவன் நான். 1908க்கு அப்புறம் காலாட்படைக்குச் சாம்பல் நீல உடுப்பு வந்ததும் காலர்ல ஒரு துண்டு மட்டும்தான் நிறம். குதிரைப்படைக்காரங்க மட்டும் 1914லயும் சிவப்புக் கால்சட்டையோடதான் சண்டைக்குப் போனாங்க. மிஷின் துப்பாக்கிக்கு எவ்வளவு வசதி பாருங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம். தொப்பி முன்னாடி வட்டமா ஒரு சின்ன வில்லை இருக்கும், அதுல அரசர் பேரோட முதல் எழுத்துக்கள். பொதுப்படையா இருந்தா எஃப், ஜே, அப்புறம் ரோமன் ஒண்ணு. ஃப்ரான்ஸ் யோசெஃப் தி ஃபர்ஸ்ட். ஹொன்வேத்தா இருந்தா ரோமன் ஒண்ணு முதல்ல, அப்புறம் எஃப், ஜே. ஏன்னா ஹங்கேரி மொழியில எண் முன்னாடி வரும், 'முதலாம் ஃபெரென்ஸ் யோஜெஃப்'. நமக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். ராஜராஜன் முதலாம்னு நாம எழுதுறோமா என்ன? ஒரே ஆள், ஒரே பேரு, மூணு எழுத்து. வரிசை மாறினா பட்டாளமே மாறுது. 1916 நவம்பர்ல அவர் செத்து கார்ல் வந்தப்போ இன்னும் வேடிக்கை. ஆஸ்திரியாவுல அவர் முதலாம் கார்ல், ஹங்கேரியில நாலாம் காரோய்.

இந்த அளவுக்கு எழுத்தெண்ணிச் சண்டை போட்டிருக்காங்க. பொதுப்படையோட பேர்ல 'பேரரசு அரச'ன்னு இருந்ததை 'பேரரசு மற்றும் அரச'ன்னு மாத்த வைக்க 1889 வரைக்கும் ஆச்சு. ஒரே ஒரு 'மற்றும்', அதுக்கு இருபத்திரண்டு வருஷம். நம்ம ப்ராஜெக்ட்ல ஒரு கமாவுக்கு நடக்குற சண்டையெல்லாம் எந்த மூலைக்கு! பொதுப்படையில கட்டளை மொழி ஜெர்மன், சுமார் 80 வார்த்தை. அதை ஹங்கேரி ரெஜிமென்ட்களுக்கு ஹங்கேரி மொழியில மாத்தணும்னு புடாபெஸ்ட் கேட்டப்போ, 1903 செப்டம்பர்ல ஹ்லோப்பிங்கிற இடத்திலிருந்து முடியாதுன்னு ஆணை போட்டார் ஃப்ரான்ஸ் யோசெஃப். அரசாங்கமே ஆட்டம் கண்டுது, 1906 வரைக்கும் இழுத்தது. வெறும் 80 வார்த்தைதானேன்னு அவங்க யாருக்கும் தோணலை. மொழிக்காக நடந்ததைப் பார்த்த ஊர்லேருந்து வர்ற எனக்கும் தோணலை.

1918 அக்டோபர் கடைசியில புடாபெஸ்ட் தெருவுல சிப்பாய்கள் முதல்ல பிச்சு எறிஞ்சது அந்தத் தொப்பி வில்லையைத்தான். அது இருந்த இடத்துல ஆஸ்டர் பூவைச் சொருகிக்கிட்டாங்க, சாமந்திக் குடும்பத்துப் பூ. அந்தப் புரட்சிக்கே ஆஸ்டர் புரட்சின்னு பேர் வந்துடுச்சு. ஆனா தொப்பியில இலை தழையைப் பார்த்த உடனே புரட்சின்னு முடிவு கட்டிடாதீங்க. கோடையில ஓக் இலை சொருகுறது அந்தப் படையோட பழைய வழக்கம்.

இவ்வளவும் படிச்சு முடிச்சுட்டு, பையன் ஹொன்வேத்தா பொதுப்படையான்னு அந்த வில்லையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு ஃபோட்டோவை 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணினேன். இடுப்புல பெல்ட் இல்லை, இருந்தா பக்கிள்ல கழுகா கிரீடமான்னு பார்த்திருக்கலாம். மிச்சம் தொப்பிதான். பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்க்கிறேன். மகராசன் தொப்பியோட முன்பக்கத்தைத் தொடையோட சேர்த்து அழுத்திப் பிடிச்சிருக்கான். தெரியறதெல்லாம் தொப்பியோட பின்பக்கமும் நகத்துல கொஞ்சம் அழுக்கும்தான்.