தத்மூரின் கல்லும் மனிதரும்

டமாஸ்கஸிலிருந்து வடகிழக்கே, சிரியப் பாலையூடாக இருநூறு கிலோமீற்றருக்கு மேற் செல்வோமாயின், மணல்வெளியில் நீண்ட தூண்வரிசைகளைக் காண்போம். கிரேக்கரும் உரோமரும் பல்மைரா என வழங்கிய இந்நகரை அங்கு வாழ்வோர் தத்மூர் என்றே அழைக்கின்றனர். நீரூற்றும் பேரீச்சந் தோப்புமே அதன் ஆதி முதல். யூப்பிரத்தீசு நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே நடந்த ஒட்டக வணிகம் அதனைச் செல்வ நகராக்கிற்று.

இந்நகரின் வரலாற்றைச் செனோபியா அரசியின் கதையாகவே பலர் கூறுவர். உரோமை எதிர்த்து எகிப்தையும் கைப்பற்றி, கி.பி. 272இல் ஔரேலியனிடம் தோற்ற அவள் கதை சுவையானதுதான். எனினும் நம் சிந்தனைக்கு உரியது கி.பி. 137இல் நகரசபை கல்லிற் பொறித்த வரிச்சட்டமே. பளிங்குச் சாடிகளில் வரும் ஓர் ஒட்டகச் சுமை வாசனைத் தைலத்துக்கு வரி 25 தினாரியம். கொண்டுவரப்படும் அடிமை ஒருவனுக்கு 22. தூண்களை நிறுத்திய செல்வத்தின் ஊற்றுக்கண்ணை அறிய இவ்விரு எண்களே போதும். (அக்கல்லும் இன்று தத்மூரில் இல்லை, ரஷ்யாவின் ஹெர்மிற்றாஜ் அரும்பொருட்சாலையில் இருக்கிறது.)

பிற்காலத்தில் பேல் கோயிலின் மதிலுக்குள் ஒரு கிராமமே வாழ்ந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சு ஆட்சியினர் அம்மக்களை அருகே புதிய ஊருக்குப் பெயர்த்து, வீடுகளை இடித்து, கோயிலை மட்டும் எஞ்சவிட்டனர். பழமையைப் பேணுதல் என்பதற்கு அவர்கள் கண்ட பொருள் அது! அதே தத்மூரின் சிறையில், 1980 யூன் 27இல், ஹாபிஸ் அல் அசாத்தின் படையினர் நூற்றுக்கணக்கான கைதிகளைச் சுட்டுக் கொன்றனர். உலகம் அதிகம் கலங்கவில்லை.

2015 மே மாதத்தில் ஐ.எஸ். இயக்கம் நகரைக் கைப்பற்றியபோதுதான் உலகம் கலங்கியது. கோயில்கள் தகர்க்கப்பட்டன. நாற்பது ஆண்டுகள் அவற்றைக் காத்த முதிய அறிஞர் காலித் அல் அஸ்அத் ஆகஸ்டில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒக்டோபரில் தகர்ந்த வளைவுக்கு 2016 ஏப்பிரலில் இலண்டன் ட்ரபல்கர் சதுக்கத்தில் பளிங்குப் பிரதியொன்று எழுந்தது. அவ்வேளையில் தத்மூரை விட்டோடிய குடும்பங்கள் பல யோர்தான் எல்லையிலே, ருக்பான் என்னும் வரண்ட வெளியில், மண் குடிசைகளிலும் கூடாரங்களிலும் கிடந்தன. 2024 டிசெம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்தது. அம்முகாமின் இறுதிக் குடும்பங்கள் 2025 யூனிலேயே ஊர்நோக்கிப் புறப்பட்டன.