வாவிக்கரையில் ஆலையும் வளவும்: வாழைச்சேனைப் பகுதியின் வீட்டுரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் சமூக வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வயலையும், போடியாரையும், கோயிலையும், குடிமுறையையுமே தம் ஆய்வின் நடுநாயகமாகக் கொண்டனர். நெல் விளையும் நிலத்துக்குக் கிடைத்த கவனம் மனிதர் குடியிருந்த வளவுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், ஒரு சமூகத்தில் வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்னும் வினா, அச்சமூகத்தின் உறவு முறைகளையும் அதிகார முறைகளையும் ஒருங்கே வெளிப்படுத்துவதாகும். வந்தாறுமூலையிலிருந்து வடக்கே திருகோணமலை வீதிவழியே செல்லும்போது நாம் காணும் வாழைச்சேனை, இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். வாவியும் கடலும் சூழ்ந்த இவ்வூர், கல்குடா, பாசிக்குடா ஆகிய குடாக்களுக்கு அண்மையிலுள்ளது. சுதந்திர இலங்கையின் தொடக்ககால அரச கைத்தொழில்களுள் ஒன்று அமைந்த இடமும் இதுவே.

பழைய முறை

கிழக்கிலங்கைத் தமிழர் யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்டவர் அல்லர். இங்கு முக்குவர் சட்டம் என வழங்கிய தாய்வழி வழமை நிலவியது. கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876 ஆம் ஆண்டு அதனைத் தொகுத்து நூலாக்கினார். முதுசொம் தாய்வழியே மருமக்களைச் சென்றடைந்தது. தேடியதேட்டத்தைத் தம் பிள்ளைகளுக்கு அளிக்க இடமிருந்தது. பிறிற்றோவின் நூல் வெளிவந்த அதே ஆண்டில் இயற்றப்பட்ட விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் (1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கம்) இவ்வழமையின் சட்ட வலுவை அகற்றிவிட்டது. ஒரு வழமை ஏட்டில் ஏறிய காலமும் நீதிமன்றிலிருந்து இறங்கிய காலமும் ஒன்றாயிருந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றெனலாம்.

எனினும், சட்டம் மாறியதனால் வாழ்க்கை முறை மாறிவிடவில்லை. தாய்வழி மருமக்களுக்குச் சென்ற சொத்து, மகளுக்கு அளிக்கும் சீதனமாக உருமாறித் தொடர்ந்தது. திருமணமானதும் மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அயல்வளவிலோ வேறொரு வீடு கட்டிக் குடிபுகுவர். அடுத்த மகளின் திருமணத்தின்போது அதுவும் கைமாறும். இவ்வாறு சகோதரிகளின் வீடுகள் அருகருகே அமைந்து, ஒரு தாயின் பெண்மக்களைக் கொண்ட குடியிருப்புத் தொகுதி உருவாகும். இம்முறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களிடமும் இதுவே வழக்கம். மரபுரிமைச் சட்டத்தால் வேறுபட்ட இரு சமூகங்கள் வீட்டு வழக்கத்தால் ஒன்றுபட்டிருத்தல் இங்கு நோக்கற்பாலது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தம் ஆய்வுகளில் இவ்வொற்றுமையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

சட்டப் பாதுகாப்பை இழந்த வழமை எவ்வாறு நிலைத்தது? இதற்கு விடை உறுதிப்பத்திரத்தில் உள்ளது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். தனியாருக்குரிய வளவை உடையவர் தாம் விரும்பியவருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆகவே திருமணத்தின்போது மகளின் பெயருக்குச் சீதன உறுதி எழுதப்பட்டது. 1876 ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் அசையாச் சொத்தைத் தனிச் சொத்தாக ஏற்றுக்கொண்டபோதிலும், அதைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டியிருந்தது. 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் அத்தடையையும் நீக்கியது. எனவே, குடியேற்ற ஆட்சியின் தனியுடைமைச் சட்டத்துக்குள்ளேயே தாய்வழி வீட்டுரிமை தனக்கொரு புகலிடத்தைத் தேடிக்கொண்டது.

ஆலையின் வருகை

1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. காடும் தரிசுமாயிருந்த இப்பகுதி அதனால் வெளியுலகோடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பின்னர் அரசு காங்கேசன்துறையில் சீமெந்து ஆலையையும், பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையையும், வாழைச்சேனையில் காகித ஆலையையும் நிறுவியது. கிழக்கிலங்கைக் கடதாசி ஆலைக் கூட்டுத்தாபனத்தின் வாழைச்சேனை ஆலை 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது. இலுக்குப் புல்லும் வைக்கோலும் அதன் முதன்மை மூலப்பொருட்கள். வயலின் கழிவாகக் கருதப்பட்ட வைக்கோல் விலைபொருளாயிற்று; பருவத்துக்குப் பருவம் கூலி தேடியவர்க்கு மாதச் சம்பளம் என்னும் புதிய நிலை தோன்றியது. அயலிலுள்ள குடியிருப்பொன்று காகிதநகர் என்றே பெயர் பெற்றமை, ஆலை இப்பகுதி மக்களின் நினைவில் பெற்ற இடத்துக்குச் சான்றாகும்.

ஆலை அளித்தது தொழில் மட்டுமன்று. அழுக்கும் அதனுடன் வந்தது. வைக்கோலைக் காரச் சோடாவில் வேகவைத்துக் கூழாக்கும்போது கரிய கழிவுநீர் மிகும். அது வாவியைச் சென்றடைந்தமை இப்பகுதியின் நெடுநாள் முறைப்பாடு. ஆலைத் தொழிலாளியும் வாவி மீனவனும் பல வேளைகளில் ஒரே குடும்பத்தினர். ஆகவே, ஒருவனின் சம்பளம் மற்றவனின் வலையைப் பாதித்தது என்று சொல்வதிலும், ஒரே வீட்டின் ஒரு வருவாய் மறு வருவாயைப் பாதித்தது என்று சொல்வதே பொருந்தும்.

மாதச் சம்பளம் பெறுபவர் வளவு வாங்க விரும்புவது இயல்பு. கூட்டுத்தாபன விடுதி வேலையோடு வந்து வேலையோடு போவது. அதை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க இயலாது. ஆனால் வாங்குவதற்கு எத்தகைய காணி இருந்தது என்பதே கேள்வி.

உறுதியும் உத்தரவுப்பத்திரமும்

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியவை என அனுமானித்தது. ஆதலால், பழைய ஊர்மனைகளுக்கு வெளியே விரிந்த நிலத்தின் பெரும்பகுதி அரச காணியாயிற்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அத்தகைய காணியை நிலமற்ற மக்களுக்கு உத்தரவுப்பத்திரத்தின் மூலம் வழங்க வழிசெய்தது. நிலமற்றவரைக் கடன்காரரிடமிருந்தும் பெருநிலக்காரரிடமிருந்தும் காக்கும் நோக்கம் அச்சட்டத்துக்கு இருந்தமையை மறுத்தற்கில்லை. ஆனால் அக்காப்பே மற்றொரு தளையாயிற்று. உத்தரவுப்பத்திரக் காணியை விருப்பம்போல் விற்கவோ, மகளுக்குச் சீதனமாக எழுதவோ, பெண்மக்களிடையே துண்டாடவோ முடியாது. காணி பெற்றவர் பின்னுரித்தாளியை நியமிக்கலாம். நியமிக்காது இறப்பின், வாழ்க்கைத்துணைக்குப் பின் காணி செல்லும் ஒழுங்கை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வகுத்தது. அதில் மகன்மார் முதலிலும் மகள்மார் அதற்கடுத்தும் வைக்கப்பட்டனர்.

இங்கேதான் எமது கருத்தின் மையம் உள்ளது. எங்கெல்ஸ் 1884 இல் வெளியிட்ட குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில், தாயுரிமையின் வீழ்ச்சியைத் தனியுடைமையின் எழுச்சியோடு தொடர்புபடுத்தினார். பொதுநிலையில் அது பயன்மிக்க கருத்தேயாயினும், வாவிக்கரையின் அனுபவம் அதை அப்படியே ஒப்பவில்லை. இங்குத் தனியுடைமை உறுதி தாய்வழி வீட்டுக்கு இடமளித்தது. பொதுநலன் கருதி அரசு வகுத்த உத்தரவுப்பத்திரமே அவ்வீட்டை ஆண்வழிக்குத் திருப்பியது. கேரளத்தின் மருமக்கத்தாயம் நீண்டகாலப் பொதுவிவாதத்தின் பின், சட்டமன்றம் இயற்றிய சட்டங்களால் முடிவுற்றது. கிழக்கிலங்கையிலோ ஒரு படிவத்தின் பெயர்க்கட்டம், விவாதமெதுவுமின்றி, அதே பணியைச் செய்தது.

போரும் ஆழிப்பேரலையும்

போர்க்காலத்தில் இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகம், 1990 இல் அகதி முகாமாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அத்தகைய இழப்புக்குப் பின் ஊர் திரும்பிய பெண்ணுக்கு, தாய் எழுதிக் கொடுத்த வளவு இருப்பின் கால் ஊன்ற ஓரிடம் இருந்தது. காணி காணாமற்போன கணவனின் பெயரிலிருப்பின், அவன் இறந்தான் என்பதை அவளே முதலில் நிறுவவேண்டியிருந்தது. இடம்பெயர்ந்தோரின் காணியைப் பிறர் ஆண்டனுபவித்து உரிமை கோருவதைத் தடுக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்திற்கொண்டு ஆட்சியுரிமை சிறப்பேற்பாடுகள் சட்டம் 2016 இல் நிறைவேற்றப்பட்டது. உறுதியுடையார்க்கு அது ஓரளவு பயன்பட்டது. உறுதியே இல்லாதவர்க்கு அதனால் விளைந்த பயன் சிறிது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்குடாக் கரையையும் தாக்கியது. வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டுவது முதலில் தடுக்கப்பட்டது. கடலோரத்தில் சீதன வீட்டை இழந்த பெண்களுக்கு மாற்றாக அரச காணியில் அமைந்த வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கே உரிமை எழுதப்பட்ட நிலை பரவலாக அவதானிக்கப்பட்டது. கஞ்சனா ருவான்புர போன்ற ஆய்வாளர் கிழக்கின் பெண்தலைமைக் குடும்பங்களைப் பற்றி எழுதியவை, தாய்வழி வழக்கம் இருந்தும் ஆணாதிக்க நடைமுறை மேலோங்கியமையை உணர்த்துகின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய முறையை நாம் பொற்காலமாகப் போற்றவில்லை. வீடு பெண்ணுக்குரியதாயினும், குடித்தலைமையும் கோயில் அதிகாரமும் ஆணிடமே இருந்தன. வீடில்லாப் பெண்ணுக்கு மணமில்லை என்ற நிலை, ஏழைத் தந்தையரையும் சகோதரரையும் தாயாரையும் கடனுக்குள் தள்ளியது. மகளின் வீட்டுக்காக மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய்மார் பலர். சீதனச் சுமை வேறு, பெண்ணின் வீட்டுரிமை வேறு. முன்னதை எதிர்ப்போர் பின்னதையும் கைவிட வேண்டியதில்லை.

முடிவுரை

போர்க்காலத்தில் தளர்ந்த ஆலை பின்னர் உற்பத்தியையும் நிறுத்தியது; அதனை மீளவும் இயக்கும் முயற்சிகள் பிற்காலத்தில் மேற்கொள்ளப்பட்டன. 2009 இன் பின் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்தன. குடாக்கரைக் காணி வெளியூர் முதலீட்டாளரின் நாட்டத்துக்குரியதாயிற்று. இச்சூழலில் வளவு வாங்குவோர் முதலில் விலையையே கேட்கின்றனர். காணியின் மூலம் உறுதியா உத்தரவுப்பத்திரமா, வாவியின் ஒதுக்குக்காணி அதனுள் அடங்குகிறதா, யார் பெயரில் எழுதப்படுகிறது என்னும் மூன்று வினாக்களும் விலைக்கு முற்பட்டவை. இவற்றுள் மூன்றாவதே மிகக் குறைவாகக் கேட்கப்படுவது.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரிமை ஒழுங்கிலிருந்த ஆண்முதன்மை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. எனினும், சமத்துவம் அட்டவணையில் இடம்பெற்றதனால் மட்டும் 87 ஆண்டுகளில் எழுதப்பட்ட பெயர்கள் மாறிவிடா. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுரிமை வழங்குதல், மீள்குடியேற்ற வீடுகளில் பெண்ணின் பழைய உரிமையைக் கணக்கிற்கொள்ளுதல் ஆகியன இனிச் செய்யப்பட வேண்டியவை. மட்டக்களப்பின் தாய்மார் உறுதித்தாளொன்றில் தம் மகளின் பெயரை எழுதி ஒரு வழமையை நூறாண்டுக்கு மேல் காத்தனர். அரச படிவங்களும் அப்பெயருக்கு இடமளித்தல் வேண்டும்.