விருத்தாசலம் இரட்டைக் கொலை வழக்கும் புலனாய்வுக் குறைபாட்டுக்கு எதிரான முறையீட்டு வழிகளும் (2003–2025)

திட்டக்குடிக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பகுதியில் 2003 ஜூலை 8 அன்று நிகழ்ந்த முருகேசன் – கண்ணகி கொலை, சாதி ஆணவக் கொலை என்ற நிலையிலேயே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அவ்வழக்கில் காவல்துறைக்கு எதிரான முறையீடு எவ்வழியில் பயணித்தது என்பது தனியே நோக்கத்தக்கது.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் படிநிலை ஒன்றை வகுத்திருந்தது. நிலைய அலுவலர் புகாரை ஏற்க மறுத்தால் பிரிவு 154(3)இன்படிக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அடுத்து, பிரிவு 156(3)இன்கீழ் நீதித்துறை நடுவரை அணுகலாம். பிரிவு 200இன்படித் தனிநபர் முறையீடும் தாக்கல் செய்யலாம். இப்படிநிலை, வழக்குப் பதியப்படாமையையே முதன்மைச் சிக்கலாகக் கருதுகிறது. பொய்யாகப் பதியப்பட்ட வழக்கு அதனினும் கொடியது.

விருத்தாசலத்தில் இரண்டும் நிகழ்ந்தன. புகாரளிக்கச் சென்ற முருகேசனின் குடும்பத்தினர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜூலை 17இல்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதுவும் இரு சாதியினரும் சேர்ந்தே கொலை செய்தனர் என்று கூறிற்று. பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனின் தரப்பினரே குற்றம் சாட்டப்பட்டோர் ஆயினர். முறையீட்டாளரையே குற்றவாளியாக்கிய பின், அதே துறையின் மேலதிகாரியிடம் எழுதும் உரிமைக்குப் பொருள் ஏது? 2004இல் சென்னை உயர் நீதிமன்றம் புலனாய்வை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய பின்னரே வழக்கின் போக்குத் திரும்பியது. உள்ளூர்ப் படிநிலைக்கு வெளியிலிருந்தே தீர்வு வந்தது என்பது கருதத்தக்கது.

மத்தியப் புலனாய்வுத் துறை, அப்போதைய ஆய்வாளரையும் உதவி ஆய்வாளரையும் எதிரிகளாகச் சேர்த்தது. 2021 செப்டம்பர் 24இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் பதினைவருள் பதின்மூவரைத் தண்டித்தது. அவ்விரு அலுவலர்களும் அவர்களுள் அடங்குவர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவ்விருவரின் குற்றத்தை உறுதிசெய்தது. புலனாய்வுக் குறைபாடு பொதுவாகத் துறைசார் நடவடிக்கையோடு முடிந்துவிடும். இங்கு அது தண்டனைக்குரிய குற்றமாகவே நிறுவப்பட்டது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் விரிந்தது. உயர் அதிகாரியையும் நடுவரையும் அணுகிய பிறகே உயர் நீதிமன்றத்தை நாடுவது முறை என்றும், நடுவர் புலனாய்வைக் கண்காணிக்கலாம் என்றும் சகிரி வாசு வழக்குத் தீர்ப்பு கூறியது. 2013இல் லலிதா குமாரி தீர்ப்பு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களில் வழக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. இவற்றுக்கு முன்பே, 2006இல் பிரகாஷ் சிங் தீர்ப்பு ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் காவல் புகார் ஆணையங்களைக் கோரியிருந்தது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ அத்தலைமையை உள்துறைச் செயலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அளித்தது. காவல்துறையை நிருவகிக்கும் துறையின் செயலாளரே அதன்மீதான புகாரை விசாரிக்கும் இந்த அமைப்பைச் சுதந்திரமானது என்று கொள்வது கடினம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 175(3), நடுவர் ஆணையிடுமுன் காவல் அலுவலரின் கூற்றையும் கருத வேண்டும் என்கிறது. விருத்தாசலத்தில் அக்கூற்று, ஜூலை 17ஆம் நாளின் முதல் தகவல் அறிக்கையாகவே இருந்திருக்கும்.