பெட்டியில் நிரப்பிய மண்

1780ஆம் ஆண்டு மார்ச் மாதம். தெற்கு இங்கிலாந்தின் ரிங்மர் என்னும் சிற்றூரில், தோட்ட மண்ணுக்குள் குளிர்கால உறக்கத்திலிருந்த ஓர் ஆமையை இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட் தோண்டி எடுத்தார். காலமான தம் அத்தை ரெபெக்கா ஸ்னூக் வளர்த்த ஆமை அது. பாதி விழித்த நிலையில் சீறியதாம். ஒரு பெட்டியில் மண்ணை நிரப்பி, அதனுள் ஆமையை வைத்து, 80 மைல் குதிரை வண்டியில் தம் ஊரான செல்போர்னுக்குக் கொண்டுசென்றார்.

அந்த மண்தான் என் கவனத்தை ஈர்க்கிறது. வைக்கோலோ துணியோ அவருக்குக் கிடைக்காமலா இருந்திருக்கும்? விடை அவருடைய பழைய கடிதமொன்றில் இருப்பதாகக் கருதுகிறேன். 1771 நவம்பர் 1 அன்று இதே ஆமை தன் குளிர்கால வளையைத் தோண்டத் தொடங்கியதை அவர் கண்டார். முன்கால்களால் மண்ணைச் சுரண்டிப் பின்கால்களால் முதுகின் மேல் தள்ளியது. வேகமோ கடிகாரத்தின் மணிமுள்ளைக் காட்டிலும் சற்றே அதிகம். நவம்பர் 13 வரை அவர் அங்குத் தங்கியிருந்தும் வேலை முடியவில்லை. செல்போர்னில் இறக்கிவிடப்பட்ட அன்றும், மாலையில் குளிர் ஏறியதும், அது இளகிய மண்ணுக்குள் புதைந்துகொண்டது.

அதற்கு வழங்கிய பெயர் திமோதி. பெண்ணாமை என்பது இறந்த பின்னரே தெரிந்தது. (தமிழில் எழுதும் எனக்கு அஃறிணை 'அது' கைகொடுக்கிறது!) அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆமைக்குத் தரை என்பது போர்வையும் ஈரத்தின் சேமிப்பும் ஆகும். 2003இல் வெளிவந்த வியன்னா ஆய்வொன்று, உலர்ந்த காற்றில் வளர்ந்த ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குஞ்சுகளின் ஓடு கூம்புகளாகப் புடைப்பதைக் காட்டியது. உணவிலுள்ள புரதத்தின் பங்கு அதனினும் சிறிதே. விலை கொடுத்து வாங்கும் தேவதாரு மரச்சீவலின் நறுமண எண்ணெய் மூச்சுக்குழாயை உறுத்தும்; வெறும் மணல் உணவோடு உட்சென்று குடலை அடைக்கக்கூடும். பூச்சிமருந்து படாத தோட்ட மண்ணுடன், உப்பு போகக் கழுவிய தென்னை நார்த்தூளைக் கலந்தால் செலவு மிகக் குறைவு.

நம் நட்சத்திர ஆமை திமோதியைப் போலக் குளிர்கால வளை தோண்டுவதில்லை. புதரடியிலும் புல்லடியிலும் ஒதுங்கும். ஆகவே அதற்கு மண்ணோடு நிழல்தரும் புல்லும் வேண்டும். அதனை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எனவே இக்கணக்கு, கடத்தலில் மீட்கப்பட்ட ஆமைகளைப் பேணும் மையங்களுக்கே உரியது.